வாசலில் வைத்த பெட்டி

என் சிட்டுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் நலம், நீ நலமா என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், நலம் என்ற சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூச்சு வருகிறது, வேளைக்குப் பசிக்கிறது, காலையில் எழுந்தால் கால் தரையில் நிற்கிறது, இதற்குப் பேர் நலம் என்றால் நான் நலம். உன் சித்தியும் நலம், அவள் வாய் அவளைவிட நலம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, இருமல் நின்றதா என்று போனில் கேட்டால் ம் என்கிறாய், அதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், உன் அழுகையைக் கேட்டு நானும் ஆரம்பிக்கிறேன், இரண்டு பேரும் அழுது முடிப்பதற்குள் பேச வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தின் மேலே சிரிக்கிற பல் ஒன்று படம் போட்டிருக்கும், கோபித்துக்கொள்ளாதே, கிளினிக்கில் பல் டாக்டரிடம் கேட்டு வாங்கிய காகிதம், வேறு கையில் அகப்படவில்லை. நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், டோக்கன் கொடுக்கிற மேஜையில் உட்கார்ந்தால் நாலு பேரைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

போன தடவை நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா செய்தி உனக்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம், பாலத்தை மூடிவிட்டார்கள், உன்னால் வர முடியவில்லை, அவர் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த நேரத்தில் நீ தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா உன்னிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை என்றாய். உன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, நீ கேட்காமலே உன் துணியை எல்லாம், துவைத்து வைத்திருந்ததையும் சேர்த்து, அள்ளிக்கொண்டு போய்த் துவைத்துப் போட்டாள், ஜன்னலைத் துடைத்தாள், கடைசியில் அலமாரி மேல் இருந்த உன் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வாசல் பக்கத்தில் வைத்தாள், உன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வெளியே பார்த்தாற்போல் ஜோடியாகப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பனைப் பறிகொடுத்தவளை அந்த வாரமே வீட்டை விட்டுப் போ என்கிறாளே, இவளெல்லாம் மனுஷிதானா என்று கேட்டாய். நன்றி என்று ஒரே சொல் சொல்லிவிட்டு அந்தப் பெட்டியையே எடுத்துக்கொண்டு உன் வகுப்புத் தோழியின் அறைக்குப் போய்விட்டாய், இனி இந்த ஜனங்களோடு ஒரு நாளும் இருக்க முடியாது, பரீட்சையும் வேண்டாம் இந்த மொழியும் வேண்டாம், டிக்கெட் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாய். அன்றைக்கு நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இப்போது சொல்ல வேண்டியது இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் இங்கே நடந்ததை முழுக்கக் கேள், பாதியில் மடித்து வைத்துவிடாதே. என் கடிதத்தை நீ பாதியில் மடிக்கிறவள்தான், எனக்குத் தெரியும்.

நீ அங்கே போன புதிதில் ஒரு விஷயம் எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா. முதல் வாரத்தில் உங்கள் ஆசிரியை, யாருடைய மொழியைப் படிக்க வந்திருக்கிறீர்களோ அந்த ஜனங்களைப் பற்றி உங்கள் மனதில் இருப்பதை ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்றாராம். ஒருவன் கல் என்றான், ஒருத்தி ஐஸ் பெட்டி என்றாள், நீ பூட்டின கதவு என்றாய், வகுப்பே கைதட்டியது என்று எழுதியிருந்தாய். நம் பக்கத்திலிருந்து போன பிள்ளைகள் எல்லாருக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கரைக்காரர்களைப் பற்றி ஒரே படம்தான், ஏதோ எல்லாரையும் ஒரே ஸ்டுடியோவில் நிற்க வைத்து எடுத்தது போல. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பெயருக்குத்தான் சொல்கிறோம், நமக்கு அக்கரை என்றைக்குப் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. உன் அப்பா அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் சத்தமாகப் படித்துக் காட்டினார், சித்தியும் அன்றைக்கு இருந்தாள், சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் அவர் அதை லிஃப்ட் கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கிற அக்கரைக்காரரிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். அதுதான் அந்தக் கோட்டான் மாமா, ஊமைக்கோட்டான் என்று அப்பா கூப்பிடுவாரே, நம் வீட்டுக்கு இரண்டொரு தடவை வந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஒரு பேச்சும் பேசாமல் போனவர். அவர் அதைக் கேட்டுக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்தபடியே, எங்க பக்கத்துல உங்களுக்கும் ஒரு பேரு இருக்கு, நிறுத்தத் தெரியாத ரேடியோ என்றாராம். அன்றிலிருந்து ஒரு வாரம் உன் அப்பா என்னை, ரேடியோ டீ குடு, ரேடியோ சாவி எங்கே என்றுதான் கூப்பிட்டார். நான் முறைப்பேன். இப்போது அந்த மாதிரிக் கூப்பிட ஆள் இல்லை.

அப்பாவுக்கு அது நடந்தபோது பக்கத்தில் இருந்தது கோட்டான் ஒருவர்தான், உனக்குத் தெரியும். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டைச் சரிசெய்து முடித்துவிட்டு மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சு அடைத்துப் போய்விட்டார் என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள், அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது போதவில்லை சிட்டு. வலித்ததா, என்னைக் கேட்டாரா, ஏதாவது சொன்னாரா, எதுவும் தெரியாமல் ஒரு மனிதரை எப்படி அனுப்பிவைப்பது. தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் காலை வேலைக்குப் போகிற உடுப்போடு, கருவிப் பையோடு வந்து நின்றார். வீடு நிறைய ஆட்கள், எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள், அவர் யாரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, நேராகச் சமையலறைக்குள் போனார். போய்க் குழாயைத் திறந்து, வீட்டில் இருக்கிற குடம், வாளி, பாட்டில், டம்ளர் ஒன்று விடாமல் தண்ணீர் பிடித்து வைத்தார். ஒரு டம்ளர் நிறையப் பிடித்து அப்பா உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். போய்விட்டார். சித்தி என்னைப் பார்த்தாள், நான் சித்தியைப் பார்த்தேன். தடுக்கிவிடும் என்று அந்த டம்ளரை எடுத்து அவள் தொட்டியில் ஊற்றினாள்.

மறுநாளும் வந்தார், குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி மாட்டினார், அப்பாவின் வேலை பூட்ஸைத் துடைத்து வைத்தார். பேச்சு இல்லை. வந்திருந்த பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் சித்தி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "கூட இருந்தவன் இவன்தான், கேட்டா வாயில பூட்டு. இழவு வீட்டுல குழாய் ரிப்பேர் பண்ண வந்துட்டான். நம்ம பொண்ணு அங்கயே இருந்து பாத்துட்டுத்தானே எழுதினா, பூட்டின கதவுன்னு. பூட்டின கதவுக்கு நம்ம கதவு எதுக்குத் திறந்திருக்கணும்?" என்று சொல்லி, அவர் முகத்துக்கு நேரே சாத்தினாள். நான் தடுக்கவில்லை, எழுந்து போய்த் தடுக்கிற தெம்பும் இல்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வகுப்பில் விளையாட்டாகச் சொன்ன சொல், கைதட்டு வாங்கின சொல், அது பாலம் தாண்டி வந்து உன் அப்பாவின் சிநேகிதருக்கு நம் கதவைச் சாத்தியது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போயிருக்க வேண்டும் இல்லையா. போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தார். வேலை முடிந்து தினமும் வருவார், கதவைத் தட்ட மாட்டார், படியில் ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியை இறுக்குவார், அரம் போட்டு ராவுவார், போவார். வருஷக்கணக்காக எரியாத படிக்கட்டு விளக்கு எரிய ஆரம்பித்தது, கீழ்வீட்டுக்காரர் வந்து சித்தியிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனார், சித்திக்கு வந்த எரிச்சலைப் பார்க்க வேண்டுமே. இப்படியே நாள் போயிற்று. ஒரு மத்தியானம் சித்தி அவள் வீட்டுக்குப் போயிருந்தாள், நான் மட்டும்தான், அரிசி பாதி வெந்திருக்கும்போது அடுப்பு அணைந்துவிட்டது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. உனக்குத் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து நான் சிலிண்டர் மாற்றினதில்லை, அது உங்கப்பா இலாகா. புதுசை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன், ரெகுலேட்டர் உட்காரவில்லை, கை வழுக்குகிறது, திருகினால் புஸ் என்கிறது. அந்தச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பா இறந்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. வெளியே படியில் அரம் போடுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கதவைத் திறந்து, தம்பி, இந்த சிலிண்டரை மாத்திக் குடுங்க, எனக்கு வரல என்றேன்.

அவர் அரத்தைக் கீழே வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார், உள்ளே வந்து மாட்டினார், சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தார், அடுப்பைப் பற்றவைத்துச் சோற்றுப் பானையைத் தூக்கி வைத்தார். பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார், அவ்வளவு பெரிய உடம்பு. "அண்ணி, எனக்கு ஒரு வேலை சொல்ல மாட்டீங்களான்னுதான் இத்தனை நாளா உக்காந்திருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு பேசினார் பார், நம்மை ரேடியோ என்றவர் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓடினார். அவர் ஊர்ப் பக்கத்தில் துக்கம் நடந்த வீட்டில் வாய் திறப்பது மரியாதை இல்லையாம். துக்கப்பட்டவர்களின் முகத்தைப் பார்ப்பதும் இல்லையாம், அழுகிறவர்களை வேடிக்கை பார்ப்பது போல என்று நினைப்பார்களாம். வீட்டுக்குள் போய்க் கண்ணில் படுகிற வேலையைச் செய்ய வேண்டும், செய்துகொண்டே இருக்க வேண்டும், அந்த வீட்டு ஆள் என்றைக்கு வாய் திறந்து எனக்கு இதைச் செய்து கொடு என்று கேட்கிறாரோ அன்றைக்குத்தான் வந்தவருக்குப் பேச உரிமை. கேட்டால் உன் துக்கத்தில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தாய் என்று பொருள். நன்றி என்று சொல்லிவிட்டால் கூலி கொடுத்துக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டாய் என்று பொருளாம். சித்தி கதவைச் சாத்தினதுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லையாம், அதற்கு முந்தின நாள் நான் தலையை ஆட்டி ரொம்ப நன்றி தம்பி என்றேனாம், எனக்கு ஞாபகமே இல்லை, அதுதான் நெஞ்சில் தைத்துவிட்டது என்றார். நான் இத்தனை வருஷம் கிளினிக்கில் அக்கரைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், வாசலில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், இவர்களுக்குப் பல்லுகூட வலிக்காது போல என்று நினைத்துக்கொள்வேன். டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்வார், உள்ளே வேர் வரைக்கும் சொத்தை என்று.

நான் அவரிடம் கேட்டேன், எப்படி ஆச்சு தம்பி என்று. சொன்னார். உனக்கும் அதைச் சொல்லியாக வேண்டும், போனவர் உன் அப்பா அல்லவா. லிஃப்ட் ஓடின பிறகு அப்பா சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார், கயிற்றுக்கு கிரீஸ் அதிகமாகப் போட்டுவிட்டாய் என்று இவரைத் திட்டியிருக்கிறார், ரேடியோ மாதிரிப் பேசறேன்னு நினைக்காதே, சொல்றதைக் கேளு என்று சிரித்திருக்கிறார். பிறகு வியர்க்கிறது என்று கருவிப் பெட்டியில் சாய்ந்துகொண்டார். வலிக்குதா என்று கேட்டதற்கு இல்லை, தாகம் என்றிருக்கிறார். அந்த அறையில் தண்ணீர் இல்லை, இவர் கீழே ஓடினார். "அண்ணன் எனக்குக் கடைசியா ஒரு வேலை சொன்னாரு, தண்ணி கொண்டான்னாரு. நான் கொண்டு வந்தேன் அண்ணி. வாங்கிக்க ஆளு இல்லை" என்றார். நான் எழுந்துபோய்ச் சமையலறையில் நின்றேன். அந்தக் குடம், வாளி, பாட்டில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்த டம்ளர் வந்தது. அதைத் தொட்டியில் ஊற்றினோமே சிட்டு.

வலிக்கவில்லை, தாகம்தான் இருந்தது, திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். இந்த மூன்றும் எனக்குக் கிடைத்த பிறகுதான் நான் ராத்திரி தூங்க ஆரம்பித்தேன். நீயும் தூங்கு.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் சொன்னதை எல்லாம் அவரிடம் சொன்னேன், துணி துவைத்தது, ஜன்னல், பெட்டி, ஷூ, எல்லாம். கேட்டுக்கொண்டே வந்தவர் பெட்டியும் ஷூவும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். துக்கச் செய்தி வந்து ஊருக்குப் போக முடியாமல் தவிக்கிறவர்களுக்கு அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்களாம். பாலம் எப்போது திறந்தாலும் நீ ஒரு நிமிஷம் தாமதிக்க வேண்டியதில்லை, துணி துவைத்தாயிற்று, பெட்டி தயார், ஷூ தயார், காலை நுழைத்துக்கொண்டு உன் அப்பாவிடம் ஓடு, இங்கே உன் அறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் அதன் அர்த்தமாம். போ என்று இல்லை, போய் வா என்று. "அந்தம்மா வாசப் பக்கமே உக்காந்து பாலம் திறந்துச்சான்னு ரேடியோ கேட்டுட்டு இருந்திருப்பாங்க, பாப்பா அந்தப் பெட்டியத் தூக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கே அண்ணி" என்றார். நீ நன்றி என்று வேறு சொல்லியிருக்கிறாய். அந்த அம்மா இப்போது பக்கத்து வீட்டில் நம்மைப் பற்றி என்ன ஒற்றைச் சொல் சொல்லிக்கொண்டிருப்பாளோ, அது நமக்குத் தெரியவா போகிறது.

பொறு, உடனே இன்னொரு படத்தைச் சுவரில் மாட்டிவிடாதே. கோட்டான் சொன்னது அவர் பிறந்து வளர்ந்த பக்கத்து வழக்கம். அக்கரையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்களா என்ன, நம் வீட்டிலேயே நானும் உன் சித்தியும் ஒரு வயிற்றில் பிறந்து எப்படி இருக்கிறோம் பார். உன் வீட்டுக்கார அம்மா நிஜமாகவே உன்னைப் போகச் சொல்லித்தான் வைத்தாளோ என்னவோ, இருக்கலாம், அப்படிப்பட்டவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நேற்றுவரைக்கும் கல், ஐஸ் பெட்டி, இன்றைக்கு எல்லாரும் தங்கம் என்றால் அதுவும் அதே பைத்தியம்தான். இங்கே இருந்துகொண்டு எனக்கும் தெரியாது, கோட்டானுக்கும் தெரியாது. அந்த அம்மாவைக் கேட்டால்தான் தெரியும், கேட்க முடிந்தவள் நீ ஒருத்திதான், அதற்குத்தானே அந்த மொழியைப் படிக்கிறாய்.

இன்னொன்றும் நடந்தது. எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு கோட்டான் தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்டார். உங்க ஆளுங்க எதுக்கு அண்ணி வந்தவங்க எல்லாம் எப்படி ஆச்சு எப்படி ஆச்சுன்னு போலீஸ் மாதிரிக் கேட்டாங்க, நீங்களும் சலிக்காம முதல்லேர்ந்து சொல்றீங்க, எனக்குப் பார்க்க முடியல, ஆறுற புண்ணைக் கீறுறாங்களேன்னு இருந்துச்சு என்றார். நான் யோசித்தேன், ஏன் என்று நானே அதுவரைக்கும் யோசித்ததில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக நிஜமாகிறது தம்பி, சொல்லாவிட்டால் அவர் இன்னும் வேலையிலிருந்து வந்துவிடுவார் என்றே இருப்பேன், கேட்கிறவர்கள் என் தலையிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி இறக்கிக்கொள்கிறார்கள் என்றேன். அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் வந்தார், செய்வதற்கு ஒரு வேலையும் எடுக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தார், வெட்கப்பட்டுக்கொண்டு, "எப்படி ஆச்சு அண்ணி, சொல்லுங்க" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவரே அவர்தான், அவருக்குத் தெரியாததா. இருந்தாலும் சொன்னேன். கிளினிக்கில் யாருக்கோ டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது, டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டேன், அந்த மனிதர் பல்வலியோடு உட்கார்ந்திருந்தார் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது.

சித்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவள் என்னை விடமாட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், கேட்டுவிட்டுக் குழாயடியில் போய் வெகுநேரம் நின்றாள், அந்த டம்ளரைக் கழுவோ கழுவென்று கழுவினாள். அவள் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை, உனக்குத் தெரியும். மறுநாள் வீட்டிலிருந்து கம்பி முறிந்த குடையைக் கொண்டுவந்து கோட்டான் மடியில் போட்டு இதைச் சரி பண்ணுங்க என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இப்போது என்னடாவென்றால் இஸ்திரிப் பெட்டி, மிக்சி, காற்று வராத ஃபேன் என்று தினம் ஒன்று சுமந்துகொண்டு வருகிறாள், துக்கத்தில் பங்கு கொடுக்கிறாளாம். அவ்வளவு துக்கமும் நமக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த மனிதரே நேற்று முணுமுணுத்தார். அப்பா போன பிறகு அவர் பேசிய முதல் வேடிக்கை அது. நான் சிரித்துவிட்டேன், சிரித்த பிறகு அப்பா படத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, அவர் இருந்தால் என்னைவிட அதிகம் சிரித்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கண்ணே, என்னை நினைத்து ஏங்கி வருவதாக இருந்தால் இன்றைக்கே வா, கதவு திறந்திருக்கிறது, பரீட்சை எங்கே போகிறது, அடுத்த வருஷமும் அதே கேள்விதான் கேட்பார்கள். ஆனால் அந்த அம்மாவைப் பற்றி அந்த நினைப்பைச் சுமந்துகொண்டு வராதே. அப்பாவை இழந்த வாரத்தில் உலகத்தில் ஒருத்தர்கூட என்னைத் தொடவில்லை என்று நீ ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாய், அந்த எண்ணம் அப்பா போனதைவிடப் பெரிய இழப்பாக உனக்குள்ளே உட்கார்ந்துகொள்ளும், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. உன்னைக் கட்டிப்பிடிக்க நான் பக்கத்தில் இல்லை. ஒருவேளை ஒருத்தி இருந்திருக்கலாம், கட்டிப்பிடிக்காமல், உன் சட்டையைத் துவைத்துக்கொண்டு.

அதனால் ஒரு காரியம் செய். தோழி அறையிலிருந்து கிளம்பி அந்த வீட்டுக்குப் போ. விளக்கம் கேட்காதே, மன்னிப்புக் கேட்காதே, முக்கியமாக நன்றி சொல்லிவிடாதே. பொத்தான் அறுந்த சட்டை ஒன்றைக் கையில் கொண்டுபோய், இதைத் தைத்துக் கொடுக்க முடியுமா என்று கேள். அதை அவர்கள் பக்கத்தில் எப்படிக் கேட்பார்கள் என்று கோட்டானைக் கேட்டேன், இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் அவர் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார், கிரீஸ் ரேகை படிந்திருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது, நீ படித்துக்கொள். சட்டையை அவள் வாங்காமல் கதவைச் சாத்தினால் உன் கணிப்பு சரி, நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் திட்டலாம், சித்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தால், நீயும் பக்கத்தில் உட்கார். உட்கார்ந்து நம் அப்பாவைப் பற்றி முதலிலிருந்து சொல். அவளுக்குக் கேட்கக் கஷ்டமாக இருக்கும், பார்வை ஊசியை விட்டு நிமிராது, இருந்தாலும் சொல், உனக்கு வேண்டியது அது. அவள் முறைக்கு அவள் தைக்கட்டும், நம் முறைக்கு நீ பேசு. பிறகு வருவதா இருப்பதா என்று முடிவு செய், எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

தலைக்கு எண்ணெய் வை, வெந்நீர் குடி, தோழிக்கு ரொம்ப நாள் பாரமாக இருக்காதே. அப்பா தந்த கம்பளி உன் பெட்டிக்குள்ளே எங்கேயாவது இருக்கும், எடுத்துப் போட்டுக்கொள். நீ எங்கே இருந்தாலும் உன் வாசலில் நல்லவர்கள் வந்து நிற்கட்டும், வந்தவர்களை அடையாளம் தெரிந்துகொள்ளும் கண்ணும் உனக்கு இருக்கட்டும். அப்பா இருந்தால் என்ன சொல்லி வாழ்த்துவாரோ அதையும் சேர்த்து நானே சொன்னதாக வைத்துக்கொள். சித்தி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். கோட்டான் மாமா ஒன்றும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் கொண்டுபோய்ப் போடுவதற்காக வாசலில் காத்து நிற்கிறார்.

உன் அம்மா,
ரேடியோ

பின்குறிப்பு: என் சட்டைகளில் எல்லாப் பொத்தானும் சரியாகத்தான் இருக்கிறது அம்மா என்று எனக்குப் பதில் எழுதாதே. இருந்தால் ஒன்றை அறுத்துக்கொண்டு போ.